ஓடுகிற பாம்பும் ஓடாத பாம்பும்

1957 செப்டம்பர் 25. சிகாகோவின் லிங்கன் பார்க் உயிரியல் பூங்காவுக்கு வந்த ஒரு பாம்பு எந்த இனம் என்று அங்கிருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பார்த்துச் சொல்லும்படி, அதே நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த கார்ல் ஷ்மிட்டிடம் அனுப்பினார்கள். அவருக்கு 67 வயது. ஊர்வன ஆய்வில் அமெரிக்காவே மதித்த பெயர். பாம்போ முக்கால் மீட்டர் நீளக் குட்டி. ஆப்பிரிக்க பூம்ஸ்லாங் மாதிரி இருக்கிறது, ஆனால் செதிலில் ஏதோ உதைக்கிறதே என்று பேசிக்கொண்டே அதைக் கையில் எடுத்தார். பிடி சற்றுத் தளர்ந்துவிட்டது. இடது கட்டைவிரலில் ஒரே ஒரு பல் இறங்கியது.

குட்டிப் பாம்பு, ஒற்றைப் பல் காயம். அங்கிருந்த யாரும் பதறவில்லை. ஷ்மிட் ரயிலேறி வீட்டுக்குப் போனார். குமட்டல், காய்ச்சல், ஈறில் ரத்தம் என ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதிவைத்தார். மறுநாள் காலை நன்றாகவே சாப்பிட்டார். விரைவில் வேலைக்குத் திரும்பிவிடுவதாக அருங்காட்சியகத்துக்குத் தகவலும் சொன்னார். அன்று பிற்பகல் அவர் உயிருடன் இல்லை.

ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பூம்ஸ்லாங் என்றால் மரப்பாம்பு. அதன் நஞ்சு, ரத்தம் உறையத் தேவையான பொருட்களை உடலெங்கும் வீணாகச் செலவழித்துத் தீர்த்துவிடும். கையிருப்பு காலியானதும் மூளை, நுரையீரல், சிறுநீரகம் என எங்கும் கசிவு. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். சில சமயம் ஒரு நாளே ஆகும். அதுவரை கடிபட்டவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். இத்தனை கொடிய பாம்பு ஆப்பிரிக்காவில் மனிதரைக் கடிப்பது அபூர்வம். பச்சோந்தியும் பறவைக் குஞ்சும் தின்றுகொண்டு மரத்தோடு மரமாகக் கிடக்கும். ஆள் அரவம் கேட்டால் நழுவிவிடும். கடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கையில் எடுத்தவர்கள்தான்.

கறுப்பு மாம்பாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதன் உடல் சாம்பலோ பழுப்போதான். கறுப்பு என்பது வாயின் உட்புறம். குதிரையையே துரத்திப் பிடிக்கும் என்றெல்லாம் கதை உண்டு. உண்மையில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாது, அதுவும் சிறிது தூரத்துக்குத்தான். கறையான் புற்றிலோ பாறை இடுக்கிலோ ஒரே வளையில் நெடுநாள் தங்கும் பழக்கம் அதற்கு. ஆளைக் கண்டதும் அந்த வளையை நோக்கிப் பாய்கிறது. நடுவில் நிற்பவர், தன்னைத்தான் துரத்துகிறது என்று நினைத்துக்கொள்கிறார். தப்ப வழியில்லாதபோது உடலின் மூன்றில் ஒரு பங்கை நிமிர்த்தி, கறுத்த வாயைத் திறந்து காட்டும். அதற்கும் விலகாதவருக்குக் கடி. சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது அரிது.

ஆனால் ஆப்பிரிக்கக் கிராமத்து மனிதர் அதிகம் அஞ்ச வேண்டியது ஓடாத பாம்பைத்தான். பஃப் ஆடர் என்ற விரியன் சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எங்கும் உண்டு. தடித்த உடல், சருகோடு கலந்துவிடும் நிறம். இரைக்காக நாள்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். காலடி ஓசை கேட்டாலும் அசையாது. ஒற்றையடிப் பாதையில் இருட்டில் மிதித்தால்தான் அது இருப்பதே தெரியும். தவளை, தேரை அருகில் வந்தால் மட்டும் நாக்கை நீட்டி, புழு நெளிவதுபோல் ஆட்டி அழைக்கும்.

கண்ணுக்குத் தப்புவது சரி, மூக்குக்கு எப்படித் தப்புகிறது? ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற நாய்களையும் கீரி இனத்து மீர்கேட்களையும் கொண்டு இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஓடியாடி இரை தேடும் பாம்புகளின் வாசனையை அவை கண்டுபிடித்துவிட்டன. பஃப் ஆடரின் வாசனை மட்டும் சிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பாம்பு உரித்துப் போட்ட சட்டையை நாய்கள் மோந்து சொல்லிவிட்டன.

மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் இன்னொரு ஓடாத பாம்பு, நம் சுருட்டை விரியனின் நெருங்கிய உறவு. சுருண்டுகொண்டு செதில்களை உரசி அது எழுப்பும் சரசரப்பு இங்குள்ள சுருட்டையின் ஒலியேதான். நஞ்சு வேறு. கானாவில் வழக்கமாகப் போட்டுவந்த நஞ்சுமுறி மருந்து மாறி, இந்தியச் சுருட்டையின் நஞ்சைக் கொண்டு தயாரித்த மருந்து வந்தபோது, கடிபட்டவர்களிடையே இறப்பு 1.8 விழுக்காட்டிலிருந்து 12.1க்கு ஏறியது. பாம்பும் அதே பாம்பு, பாதையும் அதே பாதை; மாறியது குப்பியில் இருந்தது மட்டும்.