பழைய சொகுசுக் காரும் மொன்றியல் பயணமும்: பெற்றோல் எங்கே போகிறது?

ஸ்காபரோவில் இருந்து மொன்றியலுக்கு ஏறத்தாழ 540 கிலோமீற்றர். அங்கே ஒரு கலியாணவீடு, இங்கே ஒரு அந்தியேட்டி, இடையில் ஒரு சாமத்தியவீடு என்று வருடத்தில் நாலைந்து தடவையாவது 401 நெடுஞ்சாலையில் ஓடாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. போன கோடையில் அப்படி ஒரு பயணம் முடிந்து மொன்றியலில் இறங்கியபோதுதான் மாமா தன் காரை விற்கப்போவதாகச் சொன்னார்.

"தம்பி, உது பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்குது. வித்துப்போட்டு ஒரு சின்ன ஹைபிரிட் எடுங்கோ எண்டு பிள்ளையள் சொல்லுதுகள்."

மாமாவின் கார் இருபது வருடம் பழையது. 3.2 லீற்றர், ஆறு சிலிண்டர், தோல் இருக்கை. கனடாவுக்கு வந்து பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகம் என்று இரண்டு வேலை செய்து, கடன் எல்லாம் கட்டி முடித்தபிறகு அவர் தனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம் அது. விற்பதும் வைத்திருப்பதும் அவருடைய முடிவு. ஆனால் முடிவெடுக்க முதல் அது உண்மையில் எவ்வளவு குடிக்கிறது, ஏன் குடிக்கிறது என்று பார்ப்போம் என்றேன். நாங்கள் பார்த்த ஒழுங்கிலேயே கீழே எழுதுகிறேன். பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, இலெக்சஸ் வைத்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் அளந்து பாருங்கள்

காரின் திரையில் காட்டும் சராசரியை மட்டும் நம்பவேண்டாம். புறப்படும்போது தாங்கியை நிரப்புங்கள். பம்ப் தானாக நிற்கும் முதல் 'டிக்'கோடு நிறுத்திவிட்டு, பயண மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். போய்ச் சேர்ந்ததும் அதேபோல முதல் 'டிக்' வரை நிரப்புங்கள். உள்ளே போன லீற்றரை ஓடிய கிலோமீற்றரால் பிரித்து நூறால் பெருக்கினால், 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று வரும்.

மாமா ஸ்காபரோவில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். மொன்றியலில் 61 லீற்றர் போனது. 540 கிலோமீற்றருக்கு 61 என்றால், நூறுக்கு 11.3 லீற்றர். நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இது அதிகம்தான்.

வேகம்

"என்ன வேகத்தில வந்தனீங்கள்?" என்று கேட்டேன். "எல்லாரும் ஓடுற வேகம்தான், 120" என்றார்.

நெடுஞ்சாலையில் எஞ்சினின் பெரிய எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது 100இல் இருந்து 120க்கு ஏறும்போது வேகம் 20 வீதம் கூடினாலும், காற்று எதிர்ப்பு 44 வீதம் கூடுகிறது. 130இல் அது 69 வீதம். பெரிய எஞ்சின், சத்தமில்லாத உட்புறம், மெத்தென்ற இருக்கை என்பதால் சொகுசுக் காரில் 120 என்பது 90 போலத்தான் தெரியும். ஓட்டுபவருக்குத் தெரியாமலே தாங்கி இறங்கிவிடும்.

திரும்பி வரும்போது காரில் ஒன்றையும் மாற்றவில்லை. 401இல் சில பகுதிகளில் எல்லை 100, சில பகுதிகளில் 110. குறூஸ் கொன்றோலை 100இல் வைத்து வலது ஒழுங்கையில் வந்தார். 53 லீற்றர் போனது. நூறுக்கு 9.8. ஒரு சதம் செலவில்லாமல் 8 லீற்றர் மிச்சம். அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரம்.

ரயர்

வீட்டுக்கு வந்த பிறகுதான் காரைப் பார்த்தோம். நாலு ரயரிலும் காற்று குறைவு. சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ரயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. கார் சில மணித்தியாலம் ஓடாமல் நின்று, ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் இல்லாத ஒரு பிரச்சினை இங்கே உண்டு. 20 பாகையில் 33 பிஎஸ்ஐ அடித்த ரயர், வெளியே மறை 20 பாகைக்கு இறங்கும்போது ஆறு, ஏழு பிஎஸ்ஐ இழந்துவிடும். காற்று எங்கும் கசியாமலே இது நடக்கும். அதனால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். பனிக்கால ரயரைக் கோடையிலும் போட்டு ஓடுவது பெற்றோலுக்கும் கேடு, ரயருக்கும் கேடு.

சூடாகாத எஞ்சின், இறுகிய பிறேக்

பழைய காரில் பெற்றோலைத் தின்னும் பழுதுகள் பல சத்தம் போடுவதில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். மாமாவின் காரில் இரண்டும் இருந்தன.

ஒன்று தேர்மோஸ்ரற். எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் சின்னக் கதவு இது. பழசானால் சிலவேளை திறந்தபடியே நின்றுவிடும். எஞ்சின் கொதிக்காததால் எவரும் கவனிப்பதில்லை. ஆனால் காரின் கணினி எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெற்றோலைக் கூடுதலாக விடும். 2000க்குப் பிறகு இங்கே விற்ற கார்களில் ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு சோதனைத் துளை இருக்கும். அதில் செருகிக் கைத்தொலைபேசியில் பார்க்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. சரியான எஞ்சின் நெடுஞ்சாலையில் 90 பாகைக்கு அண்மையில் நிற்கும். மாமாவின் கார் 70ஐத் தாண்டவில்லை.

மற்றது பிறேக். உப்புப் போட்ட வீதிகளில் பல வருடம் ஓடிய காரில் கலிப்பர் துருப்பிடித்து, பிறேக்கை விட்டபிறகும் தட்டை முழுதாக விடாது. கார் சதா பிறேக் பிடித்தபடி ஓடும். இருபது நிமிடம் ஓடிவிட்டு, மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம். ஒரு சில்லில் மட்டும் அனல் அடித்தால் கராஜுக்குப் போகவேண்டும். மாமாவின் காரில் பின் வலது சில்லு அப்படி இருந்தது. இது பெற்றோலோடு முடிகிற விஷயம் அல்ல. நெடுஞ்சாலையில் பிறேக் கொதித்தால் தேவையான நேரத்தில் பிடிக்காது, தீப்பற்றவும் கூடும். அந்தக் காரில்தான் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள்.

இவற்றோடு சில்லுகளின் நேர்ப்பாட்டையும் பிளக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய பென்ஸ் வி-6 எஞ்சின்களில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 12 பிளக்குகள் உண்டு. ஆறை மட்டும் மாற்றிவிட்டு விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் அதை மறைத்து ஓடவேண்டாம். ஒட்சிசன் சென்சர் பழுதானால் பெற்றோலின் அளவே பிழைத்துவிடும்.

எந்தப் பெற்றோல், எந்த ஒயில்?

"மலிவான 87ஐ அடித்தால் என்ன?" என்று பலர் கேட்பார்கள். பெற்றோல் மூடியின் உள்ளே அல்லது கையேட்டில் 91 கட்டாயம் என்று இருந்தால் 91தான். குறைந்ததை அடித்தால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும், இழுவை குறையும், கூடப் பெற்றோல் போகும். 'பரிந்துரை' என்று மட்டும் இருந்தால் 87இலும் ஓடலாம். இரண்டையும் ஒவ்வொரு தாங்கி அடித்து அளந்து பாருங்கள். 87க்குச் செய்த காருக்கு 91 அடிப்பதால் ஒரு நன்மையும் இல்லை.

"பழைய எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லது" என்பதும் பொதுவாகச் சரியல்ல. கையேட்டில் சொன்ன ஒயிலையே விடுங்கள்.

எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம், தாங்கியில் போடும் குளிசை போன்றவற்றை வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படி 100க்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க அளவு பெற்றோலை மிச்சம்பிடிக்கும் ஒன்றையும் காணவில்லை. காற்று வடிகட்டியை எஞ்சினுக்காக மாற்றுங்கள். கணினி உள்ள கார்களில் அதனால் பெற்றோல் பெரிதாக மிஞ்சாது. டிக்கியில் இருக்கும் ஒரு மூட்டை அரிசியால் நெடுஞ்சாலையில் பெரிய நட்டம் இல்லை, கூரைமேல் கட்டும் பெட்டியால்தான் நட்டம். நெடுஞ்சாலையில் யன்னலைத் திறந்து ஓடுவதைவிட மூடி ஏசியைப் போடுவது மேல்.

கடைசிக் கணக்கு

ரயர், தேர்மோஸ்ரற், பிறேக் மூன்றையும் சரிசெய்த பிறகு புரட்டாசியில் மாமா மறுபடி மொன்றியல் போனார். அதே 100, அதே பாதை. 48 லீற்றர். நூறுக்கு 8.9. முதல் பயணத்தோடு ஒப்பிட்டால் ஒரு வழிக்கு 13 லீற்றர், போய்வர 26 லீற்றர் குறைவு.

இதனால் பழைய கார் எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. தினமும் நகரத்துக்குள் நின்று நின்று ஓடுபவருக்கு ஹைபிரிட் மிகவும் குறைவாகக் குடிக்கும். அடித்தளத்தில் துரு ஏறி, பிறேக் குழாயும் கியர்பொக்ஸும் பழுதாகும் நிலை வந்தால், மிஞ்சும் பெற்றோல் அந்தச் செலவை ஈடுசெய்யாது. ஆனால் மாமா ஓய்வுபெற்றவர். அவருடைய ஓட்டத்தில் பெரும்பகுதி 401இல்தான்.

இப்போது பிள்ளைகளும் விற்கச் சொல்வதில்லை. தையில் மொன்றியலில் பெறாமகளின் கலியாணம். போனகிழமை மாமா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, குளிருக்கு ரயர் காத்துப் பாக்க எப்ப வாறாய்?"