தன் கையால் ஒரு வாய் சோறு

"ஆச்சிக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த அலுவலைப் பார்ப்பது எமது ஊர்ப் பழக்கம். வயது போனால் மறதி வரும்தானே என்று நினைக்கிறோம். ஆனால் சாப்பிட்ட கையோடு "எனக்கு இன்னும் சோறு தரவில்லை" என்பதும், கோப்பையில் சோறு இருக்க அதைப் பார்த்தபடி சும்மா இருப்பதும் வெறும் மறதியல்ல. அது மூளையைப் பாதிக்கும் நோய். அதன் ஒரு வகையை 1906இல் ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் விபரித்தார். முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே அன்றாடப் பராமரிப்புத்தான் எமது கையில் உள்ளது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இரட்டைச் சுமை. பழகிய குசினி, பழகிய திண்ணை, கிணற்றடி எல்லாம் ஞாபகம் குறைந்தவருக்கு ஊன்றுகோல் போன்றவை. அவை இல்லாத இடத்தில், ஊரில் ஓரளவு சமாளித்தவரும் சட்டெனத் தளர்ந்துவிடுகிறார். கூலி வேலைக்கு ஓட வேண்டிய மகளோ மருமகளோ நேரமில்லாமல் ஊட்டிவிட்டுப் போகிறார். அதைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆனால் ஊட்டப் பழகியவரின் கை தன் தொழிலை மறந்துபோகும். அவசரமாக ஊட்டினால் உணவு சுவாசக்குழாய்க்குள் போய் நியூமோனியாக் காய்ச்சலும் வரலாம்.

மேல்நாட்டு முதியோர் இல்லங்களில் கரண்டியும் முள்ளும் பிடிக்க மறந்தவர்களுக்குக் கையால் எடுத்து உண்ணக்கூடிய உணவு கொடுக்கிறார்கள். எமக்கு அது புதிதல்ல. சோற்றைக் கறியோடு குழைத்துத் திரளையாக்கி, முதல் திரளையை அவர் கையிலேயே வையுங்கள். கை தானாக வாய்க்குப் போவதைப் பல தடவை காணலாம். போகாவிட்டால் உங்கள் கையை அவர் கைக்குக் கீழே கொடுத்து மெல்ல உயர்த்துங்கள். எதிரே இருந்து நீங்களும் சாப்பிடுவது இன்னும் நல்லது. பார்த்துச் செய்யும் பழக்கம் நெடுநாள் அழியாது.

கோப்பையின் நிறமும் முக்கியம். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நோய் முற்றிய ஒன்பது பேருக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதிலாகக் கடுஞ்சிவப்புப் பாத்திரங்களில் பரிமாறினார்கள். உணவு 25 வீதமும் பானம் 84 வீதமும் கூடுதலாக உட்கொண்டார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும் சந்தையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பை வாங்கிப் பார்ப்பதில் நட்டமில்லை. பூப்போட்ட கோப்பை வேண்டாம், பூவைக் கிள்ளி எடுக்கப் பார்ப்பார்கள்.

ஐந்து கறியை ஒன்றாக வைத்தால் குழம்பிப்போவார், ஒன்றொன்றாகப் போடுங்கள். மீனில் முள் பார்த்து எடுக்கவேண்டும், முருங்கைக்காயில் சதையை மட்டும் வழித்துக் கொடுக்கவேண்டும். உதிரிப் புட்டு புரைக்கேறும்; சொதி விட்டுக் குழைத்தால் இறங்கும். தேத்தண்ணி சூடா என்று முதலில் நீங்கள் பாருங்கள், அவருக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிடும்போது றேடியோவை நிறுத்துங்கள். நிமிர்ந்து இருக்கச் செய்து, சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். திடீரென உணவை மறுத்தால் பல்லையும் வாய்ப்புண்ணையும் பாருங்கள். ஒவ்வொரு நேரமும் இருமினாலோ உடல் மெலிந்தாலோ வைத்தியரிடம் காட்டவேண்டும்.

"சாப்பிடவில்லை" என்று மீண்டும் சொன்னால் தர்க்கிக்க வேண்டாம். பாதி வாழைப்பழம் கொடுத்தால் போதும். பசியென்று அவர் கைக்கு எட்டிய எதையும் வாயில் வைக்கக்கூடும் என்பதால், மண்ணெண்ணெயையும் சவர்க்காரத்தையும், முக்கியமாகப் பயிருக்கு அடிக்கும் நாசினிப் போத்தல்களையும் இன்றே பூட்டி வையுங்கள். ஒரே அறைக்குள் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கும் வீடுகளில் இதை முதலில் செய்யவேண்டும்.