சிங்கப்பூரில் குடித்தனமா? சாவி வாங்குமுன் கவனியுங்கள்

நம் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் பிள்ளையோ மாப்பிள்ளையோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் ஏராளம். ஆண்பிள்ளை தனியாகப் போனால் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துக் காலம் தள்ளிவிடுவான். கைக்குழந்தையோடு மனைவியும் போகிறாள் என்றால் ஒழுங்கான வீடு வேண்டாமா? என் நாத்தனார் மகளுக்குச் சிங்கப்பூரில் வீடு பார்த்தபோது விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை நம் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

இங்கே அட்வான்ஸ் கொடுத்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினால் குடித்தனம் ஆரம்பம். அங்கே அப்படி நடக்காது. பெரும்பாலான மக்கள் இருப்பது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். வீவக வீடு என்பார்கள். அதை வாடகைக்கு விட, சொந்தக்காரரே கழகத்தின் அனுமதி வாங்கவேண்டும். 6 மாதத்திற்குக் குறைத்து விடக்கூடாது. நம் பாஸும் விண்ணப்பிக்கும் நாளில் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். டூரிஸ்டாகப் போனவர்களுக்கு வீவக வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. முழு வீடாக எடுத்தால் வெளிநாட்டவருக்கு ஒரு பிளாக்கில் 11 சதவீதம், அந்த வட்டாரத்தில் 8 சதவீதம் என்று அளவு உண்டு (மலேசியாக்காரர்களுக்கு இது கிடையாது). அது நிரம்பிவிட்டால் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் கிடைக்காது.

சில சொந்தக்காரர்கள் ஒரு தந்திரம் செய்வதுண்டு. முழு வீட்டையும் விட அனுமதி இருக்காது. ஓர் அறையைப் பூட்டி வைத்து, "நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்று கணக்குக் காட்டிவிட்டு மீதியை விடுவார்கள். கழகம் கண்டுபிடித்தால் வீட்டையே எடுத்துக்கொள்ள முடியும். அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெட்டியோடு வெளியே நிற்பது யார்? நாம்தானே! ஆகவே அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

புரோக்கர் விஷயத்திற்கு வருகிறேன். எங்கள் பெண்ணுக்கு ஒருவன் போனிலேயே படம் அனுப்பி, "இன்று சாயந்திரத்துக்குள் பணம் போட்டால்தான் வீடு" என்று அவசரப்படுத்தினான். அவள் அவனுடைய பதிவு எண்ணைக் கேட்டாள். அவ்வளவுதான், அதன்பிறகு போனையே எடுக்கவில்லை! அங்கே 2010 முதல் வீட்டு ஏஜெண்டுகளுக்கென்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. பதிவு செய்தவர் பெயரும் எண்ணும் அதன் பட்டியலில் இருக்கும்; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜெண்டு கையால் வாங்கவே கூடாது. ஒரே ஆள் சொந்தக்காரர் சார்பிலும் நம் சார்பிலும் பேசவும் கூடாது.

ஒப்பந்தத்தைக் கணவரிடம் விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாத வாடகை டெபாசிட் என்பது வழக்கம். முத்திரைக் கட்டணம் நம் தலையில்தான்: மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 3,000 வெள்ளி (டாலரை அப்படித்தான் சொல்கிறார்கள்) வீதம் இரண்டு வருஷத்துக்கு 288 வெள்ளி. கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் கட்டவேண்டும். வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால் இடையில் காலி செய்ய வழிவிடும் ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போடச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக ஒரு வருஷம் கழிந்தபின் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம் என்றிருக்கும். ஏ.சி. சர்வீஸ், சின்னச் சின்ன ரிப்பேர் இவற்றில் நம் பங்கு எத்தனை வெள்ளி என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

குடிபோகிற அன்றே சுவர்க் கீறல், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட்டில் தகராறு வந்தால், இரண்டு வருஷத்துக்கு மேற்படாத குடிக்கூலி வழக்குகளை 20,000 வெள்ளி வரை விசாரிக்கச் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. வக்கீலே வேண்டாம்.

"நாலறை வீடு" என்றதும் மகிழ்ந்து போகாதீர்கள். கூடத்தையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள், படுக்கையறை மூன்றுதான். சமைக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். "லேசான சமையல் மட்டும்" என்பவர் வீட்டில் மீன் குழம்பு கொதிக்காது, தாளிக்கவும் தயங்கவேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு அது சரிப்படாது.

தவழும் குழந்தை இருந்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஜன்னல்தான். பத்தாவது மாடி ஜன்னலுக்குக் கம்பி இல்லாத வீடுகளும் உண்டு. கம்பி போட்டுத் தருவாரா, யார் செலவு என்று முன்னாலேயே பேசுங்கள். பழைய பிளாக்குகள் சிலவற்றில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. தள்ளுவண்டியோடு படி ஏற முடியுமா?

தூளி கட்ட நம் வீட்டில் போல் உத்தரமும் கொக்கியும் அங்கே கிடையாது. கூரையில் துளை போடச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். ஸ்டாண்டோடு வரும் ஸ்பிரிங் தூளி கடைகளிலேயே கிடைக்கிறது. பழகிய நூல் சீலை இரண்டை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும்.