கக்கூசு என்னுஞ் சொல்

நல்லோர் அவையிற் கூறத்தகாத சொல்லொன்றைத் தலைப்பாக வைத்தமைக்கு அன்பர்கள் பொறுப்பார்களாக. சேலம், நாமக்கல் நாட்டுப்புறங்களில் எழுத்தறியாத பாட்டியும் வழங்கும் இச்சொல், கூசுதல் என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல்லென்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அஃது உண்மையன்று. இஃது ஒல்லாந்தர் மொழியிலுள்ள தொகைச்சொல்.

அம்மொழியிற் 'கக்' என்பது மலம். 'ஹொய்ஸ்' என்பது வீடு. பின்னதன் பழைய ஒலி 'ஹூஸ்'. ஆங்கிலத்து 'ஹவுஸ்' அதற்கு உடன்பிறப்பு. இரண்டுஞ் சேர்ந்தவழித் தமிழர் நாவில் ஹகரம் கெட்டது. கண்ணொளி என்புழிப்போலத் தனிக்குறிலையடுத்த ஒற்று உயிர் வரவே இரட்டிற்று. ஈற்றில் உகரம் சேர்ந்தது. பிறமொழிச் சொல்லாயினும் நன்னூலார் கண்ட புணர்ச்சிநெறி பிழையாது நிற்றல் காண்க!

ஒல்லாந்தர் 1613-இல் பழவேற்காட்டிற் கோட்டை கட்டினர். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைக் கைக்கொண்டிருந்தனர். அவர்கள் ஆண்ட சாவகம் முதலிய தீவுகளின் இந்தோனேசிய மொழியில் இதே சொல் 'காக்குஸ்' என்றும், ஈழத்துச் சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய' என்றும் வழங்குதல் தக்க சான்றாகும். சேலம் நாடோ அவர் ஆட்சியை ஒருநாளுங் கண்டதன்று. அதன் பெரும்பகுதி 1792-இல் திப்புவினிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஒல்லாந்தர் வாராத ஊர்க்கும் அவர் சொல் வந்துவிட்டது.

வந்த காரணம் யாது? நம்மூரார் 'வெளிக்குப் போதல்' என்பர். இலக்கணநூலார் இதனை இடக்கரடக்கல் என்பர். வெளியே இடமாயிருந்தவரை வீடு வேண்டாமையின் அதற்கொரு பெயரும் வேண்டாதாயிற்று. வீடு வந்தபோது, ஒல்லாந்தர் வாயில் நாணத்தக்கதாயிருந்த சொல், பொருள் விளங்காமையாலேயே நமக்கு மறைப்புச் சொல்லாயிற்று. நாளடைவில் அதிலும் நாற்றம் ஏறியதுபோலும். இன்று கற்றோர் அதனை விலக்கிக் கழிப்பறை என்பர்.

நாணம் சொல்லோடு நின்றதா? இல்லை. அவ்வீட்டைத் தூய்மைசெய்யும் பணி ஒருசில சாதியார் தலையிற் சுமத்தப்பட்டது. கையால் மலமள்ளுவித்தலை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அது போதாமையின் 2013-இல் மற்றொன்று இயற்ற வேண்டியதாயிற்று. 2017-இல் திவ்யபாரதி என்னும் இயக்குநர் அத்தொழிலாளர் துயரைப் படமாக்கி, அதற்குக் 'கக்கூஸ்' என்றே பெயரிட்டார். அப்படத்தைக் கண்டுவந்த நண்பரொருவர் நம்மிடம் அதன் கதையை ஒரு நாழிகை உரைத்தார்; பெயரைமட்டும் வாய்விட்டுக் கூறாது, 'அந்தப் படம்' என்றே முடித்தார்.