பூச்சியம் எடுத்த பிள்ளை

பாடசாலை விட்டு வந்த மகள் புத்தகப் பையைக் கட்டிலில் எறிந்தாள். சல்லிக்கு வலைப்பந்தாட்டம் ஆடப் போனவள். முகம் வாடியிருந்தது.

"தோற்றுப் போனீர்களா மகள்?" என்று கேட்டேன்.

"வென்றோம் உம்மா. எனக்குத்தான் பூச்சியம்."

சகோதரிகளே, சல்லியை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போய், சாம்பல்தீவுப் பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் வரும் சிறு கிராமம் அது. முத்துமாரியம்மன் கோயிலால் பேர் பெற்றது. நம்மவர் பேச்சிலோ சல்லி என்றால் காசு. "சல்லிக்குப் போயும் வெறுங்கையோடா வந்தாய்?" என்று என் உம்மா சிரித்துவிட்டார். பிள்ளைக்குக் கோபம் இரண்டு மடங்காகியது.

நடந்தது இதுதான். வலைப்பந்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்களில் கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. என் மகள் அணிந்திருந்தது 'ஜிடி' என்ற எழுத்துகள். எதிரணியின் பந்தைத் தடுப்பதும் பறிப்பதும் அவள் வேலை. ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை கோல் என்று எழுதிய தாளை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பெயர்களுக்கு எதிரே எண்கள். மற்ற ஐவருக்கும் பூச்சியம். வலய அணிக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ வேறு சொல்லிவிட்டார்கள். "இனி நான் ஆடப் போகவில்லை" என்றாள். அவளுடைய வாப்பா ஏற்கெனவே அரை மனதோடு அனுப்பியவர். அவர் வாய் திறப்பதற்குள் நான் ஒரு கதையைத் தொடங்கினேன். விளையாட்டுப் பக்கங்களை விடாமல் வாசிப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அன்றுதான் அது உதவியது.

1946 நவம்பர் 1. கனடாவின் டொரொன்டோ நகரம். உள்ளூர் ஹஸ்கீஸ் அணியும் நியூயோர்க் நிக்கர்பொக்கர்ஸ் அணியும் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆட இறங்குகின்றன. இன்று உலகமே பார்க்கும் என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகச் சொல்வது இதைத்தான். போட்டித் தொடருக்கு அந்தப் பெயர் 1949இல்தான் வந்தது. ஹஸ்கீஸ் அணியின் ஜோர்ஜ் நோஸ்ட்ரண்ட் 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயரமானவர்களுக்கு நுழைவுச்சீட்டு இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். வந்த கூட்டம் 7,090 பேர். முதல் கோலை நியூயோர்க்கின் ஒஸி ஷெக்ட்மன் போட்டார். முடிவில் நியூயோர்க் 68, டொரொன்டோ 66.

அந்த ஆட்டத்தின் புள்ளித்தாளைப் பாருங்கள். எட் சடோவ்ஸ்கி 18, நோஸ்ட்ரண்ட் 16, லியோ கொட்லீப் 14, ஷெக்ட்மன் 11. டொரொன்டோவுக்குச் சடோவ்ஸ்கிதான் ஆட்டக்காரர், அவரேதான் பயிற்சியாளரும். தவறுகள் மிஞ்சிப் போய் இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே வெளியேறினார். அப்படியும் அன்று அதிகப் புள்ளி அவருடையதே. அவர் எழுந்துபோன இடத்துக்கு வந்தவர்தான் அந்த உயரமான நோஸ்ட்ரண்ட். இவ்வளவையும் தாள் சொல்கிறது. கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைத் தாவிப் பிடித்தவர் யார்? தாளில் இல்லை. எதிராளியின் கையிலிருந்து பறித்தவர் யார், கூடைக்குப் போன பந்தைத் தட்டிவிட்டவர் யார்? அதுவும் இல்லை. இரண்டே புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானித்தது அப்படியொரு தட்டலாகக்கூட இருந்திருக்கலாம்.

திரும்பிய பந்தைப் பிடிப்பதை அந்தப் போட்டித் தொடரில் எண்ணத் தொடங்கியது 1950இல். பறிப்பதையும் தட்டுவதையும் எண்ண 1973 வரை ஆனது. பில் ரசல் என்று ஒருவர் இருந்தார். தடுத்தாடுவதில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். 13 பருவங்களில் 11 தடவை அவருடைய அணி சாம்பியன். 1969இல் ஓய்வு பெற்றார். தட்டிவிட்ட பந்துகள் என்ற பதிவேட்டில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. நம் கரீம் அப்துல் ஜப்பாரின் பெயரில் 3,189 இருக்கிறது. 1969இல் ஆட வந்தவர் அவர். முதல் நான்கு பருவங்களில் தட்டியதெல்லாம் யாரும் எழுதாமலே போயிற்று.

"அப்படியென்றால் ரசலுக்கும் பூச்சியமா?" என்று மகள் கேட்டாள். பாதிக் கோபம் அப்போதே இறங்கியிருந்தது.

வலைப்பந்து கூடைப்பந்தின் தங்கைதான். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமைத்த ஆட்டம், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்கள் கையில் வேறு உருவெடுத்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை; அதனால் கடற்கரை மணலிலும் ஆடலாம். நம் நாட்டில் இந்த ஆட்டம் என்றால் முதலில் வரும் பெயர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 6 அடி 10 அங்குலம். 2018இல் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்று இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு எல்லா நாட்டாரையும் முந்தினார். அந்த 348 பந்துகளும் வானத்திலிருந்தா அவர் கைக்கு வந்தன? தடுத்தவளும் பறித்தவளும் நடுவில் ஓடி வாங்கிக் கொடுத்தவளும் இருந்தார்கள்.

இங்கே அவளுடைய வாப்பா குறுக்கிட்டார். "எண்ணி மட்டும் என்ன? தலையை மூடிய பிள்ளையை மேலே ஆட விடுவார்களா?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பில்கீஸ் அப்துல் காதிர் தலைமறைப்போடு ஆடியே பாடசாலைக் காலத்தில் 3,070 புள்ளிகள் எடுத்தார். மசசூசெட்ஸ் மாநிலத்தில் அதற்குமுன் ஆணோ பெண்ணோ அவ்வளவு எடுத்ததில்லை. பல்கலைக்கழகத்திலும் ஆடினார். வெளிநாட்டில் தொழிலாக ஆடப் போகும்போது, தலையில் எதுவும் அணியக்கூடாது என்ற சர்வதேச விதி வழியை மறித்தது. 2014 ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் பெண்கள் அணி ஆடாமலே திரும்பியதும் இதனால்தான். விதி மாறியது 2017இல். பில்கீஸுக்கு அது காலந்தாழ்ந்த மாற்றம். என் மகளின் வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. இதைச் சொன்னதும் அவர் பேசாமல் தேநீரைக் குடித்தார். எங்கள் வீட்டில் அது அரைச் சம்மதம்.

மற்ற வேலையை என் உம்மா பார்த்துக்கொண்டார். பால்காரனுக்குச் சுவரில் கரிக்கோடு போட்டே மாதக் கணக்கு முடித்தவர். அடுத்த ஆட்டத்தன்று ஒரு பழைய கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் ஏறினார். விதி ஒன்றும் தெரியாது. "பிள்ளையின் கை பந்தில் பட்டு அடுத்தவள் பந்தை இழந்தால் ஒரு கோடு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். வெயிலில் குடை பிடித்தபடி உட்கார்ந்து, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது போட்டு, ஆட்டம் முடியும்போது பதினொன்று என்றார்.

ரீச்சர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிப் போட்டுத் தருவீர்களா உம்மா?" என்று கேட்டார்.

வலய அணிப் பட்டியல் இன்னும் வரவில்லை. உம்மா ஏழு பெயர்களையும் எழுதச் சொல்லிப் புதுக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறார்.