சாம்பலின் நடுவே ஒரே ஒரு நிறம்

திருமண ஆல்பங்களிலும், பண்டிகை நாட்களில் கைப்பேசியில் வந்து குவியும் வாழ்த்துப் படங்களிலும் ஒரு வகைப் படத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். படம் முழுவதும் கருப்பு வெள்ளையாக இருக்கும். மணமகளின் கையிலுள்ள ரோஜா மட்டும் சிவந்திருக்கும். ஆங்கிலத்தில் இம்முறையை 'செலக்டிவ் கலர்' என்பர். தெரிந்தெடுத்த நிறம் என்று நாம் கூறலாம். புகைப்படக் கலையில் ஊறியவர் பலர் இத்தகைய படத்தைக் கண்டால் முகம் சுளிப்பர். மலிவான உத்தி என்று ஒதுக்குவர். அவர்கள் கூறுவதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறிந்துகொண்டால், அன்றாடம் நாம் எடுக்கும் படங்களில் இம்முறையை எங்கே கையாளலாம், எங்கே கையாளலாகாது என்பது தெளிவாகும்.

நிறம் கண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை வங்கியின் காசாளர் முகப்பிலேயே கண்டுகொள்ளலாம். 2016-இல் தொடங்கிய மகாத்மா காந்தி புதிய வரிசையில் 10 ரூபாய் நோட்டு சாக்லெட் பழுப்பு, 50 ரூபாய் ஒளிர்நீலம், 100 ரூபாய் இளம் ஊதா, 200 ரூபாய் பளிச்சிடும் மஞ்சள், 500 ரூபாய் கல்லின் சாம்பல். பழகிய காசாளர் எண்ணைப் படித்து நோட்டுகளைப் பிரிப்பதில்லை. நிறத்தைக் கண்டதும் கை தானே பிரித்துவிடுகிறது. இந்நோட்டுகள் அனைத்தும் கருப்பு வெள்ளையானால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 200 ரூபாய் தன் அடையாளத்தையே இழந்துவிடும். 500 ரூபாய்க்கு இழப்பதற்கு ஏறத்தாழ ஏதுமில்லை!

இந்த வேறுபாடே நம் உத்தியின் உயிர். நிறத்தை நீக்கினால் பொருளையே இழந்துவிடும் இடம் ஒன்று படத்தில் இருந்தால், அங்கு மட்டும் நிறத்தை நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அப்படியோர் இடம் இல்லையெனில் அது வெறும் அலங்காரம்.

வண்ணப் படம் சாம்பலாக மாறும்போது நடப்பது என்ன? பச்சை ஒளியை நம் கண் மிகுதியாகவும், சிவப்பை அதனினும் குறைவாகவும், நீலத்தை மிகக் குறைவாகவும் உணர்கிறது. தொலைக்காட்சித் துறையில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கின்படி சாம்பலின் வெளிச்சத்தில் சிவப்பின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு, பச்சையின் பங்கு 59, நீலத்தின் பங்கு 11. இதன் விளைவு வியப்பானது. நேருக்கு நேர் முரண்படும் ஆழ்ந்த சிவப்பும் சற்றே இருண்ட பச்சையும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். வெற்றிலையின் மீது வைத்த குங்குமம் அவ்வாறுதான் கரைந்துபோகிறது. ஆகவே எந்தப் படத்தையும் முதலில் முழுக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது நல்லது. எது கரைந்ததோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதுவும் கரையாமல் படம் அப்படியே நிற்குமானால், கருப்பு வெள்ளையாகவே விட்டுவிடலாம்.

கொல்கத்தாவின் மல்லிக் காட் பூச்சந்தையை எடுத்துக்கொள்வோம். 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் அடியில், ஹூக்ளி ஆற்றங்கரையில் நடைபெறும் சந்தை அது. தலைக்கு மேலே எஃகுப் பாலம். பின்னே கலங்கிய ஆறு. நடுவே செவ்வந்தி மாலைகள் மலைபோல் குவிந்திருக்க, கூடைகளைத் தலையில் சுமந்து ஆட்கள் நெருக்கியடித்துச் செல்வர். எஃகும் ஆறும் கருப்பு வெள்ளையில் மேலும் அழகு பெறுகின்றன. ஆனால் பூக்குவியலோ ஜல்லிக் குவியலாகத் தோன்றும்! பூச்சந்தை என்பதே மறைந்துவிடுகிறது. இங்கே ஆரஞ்சு நிறத்தை மட்டும் மீட்டுத் தருவது முறையான செயல். அந்நிறம்தான் படத்தின் பொருள்.

இதே படத்தில் ஒரு பொறியும் உள்ளது. சோனி, நிக்கான், கேனான் முதலிய நிறுவனங்களின் கேமராக்கள் பலவற்றில், ஒரு நிறத்தைத் தேர்ந்தால் அதை மட்டும் விட்டு மற்றவற்றைச் சாம்பலாக்கும் வசதி உண்டு. பொருள் எது என்பது கேமராவுக்குத் தெரியாது. நிறம் எது என்பது மட்டுமே தெரியும். மனிதத் தோல், கருமையாயினும் வெண்மையாயினும், ஆரஞ்சு நிறத்தின் மங்கிய வகையே. எனவே செவ்வந்தியைத் தேர்ந்தால் சுமையாளின் கன்னமும் செங்கல் சுவரும் திட்டுத் திட்டாக உடன் வந்துவிடும். பாதி முகம் நிறமும் பாதி முகம் சாம்பலுமாக, நோயுற்றவர் போன்ற தோற்றம் உண்டாகும். நீலம், பச்சை, ஊதா ஆகிய நிறங்களுக்கு இத்தொல்லை குறைவு.

கேமராவிலேயே இதனைச் செய்வதில் இன்னுமொரு குறை: நீக்கிய நிறம் அந்தப் படத்திற்குத் திரும்பி வாராது. ஆதலால் முழு வண்ணத்தில் எடுத்து, பின்னர் நகலில் மாற்றுவதே முறை. ஸ்னாப்சீட் போன்ற கட்டணமற்ற செயலிகள் இதற்குப் போதும். முதலில் படத்தைக் கருப்பு வெள்ளையாக்க வேண்டும். பின்னர் நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் அந்த மாற்றத்தை விரலால் தடவி நீக்க வேண்டும். ஓரங்களுக்கு வரும்போது படத்தை இரு விரல்களால் பெரிதாக்கிக்கொள்வது அவசியம். பெரும்பாலான படங்கள் கெடுவது ஓரங்களில்தான். அத்துடன், நிறம் தன் பொருளோடு நின்றுவிடுவதில்லை. மழையில் நனைந்த சாலையில் சிவப்புக் குடை ஒன்று சென்றால் அதன் சாயல் ஈரத்தரையிலும் விழுகிறது. குடையைச் சிவப்பாக்கித் தரையைச் சாம்பலாக விட்டால், குடை வெட்டி ஒட்டியது போல் மிதக்கும். சாயலுக்கும் நிறம் தர வேண்டும். மற்ற இடங்களில் நிறத்தை அறவே துடைக்காமல், பத்தில் ஒரு பங்கு விட்டுவைப்பது நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. நிறம் நின்ற இடத்துக்கும் நீங்கிய இடத்துக்கும் இடையேயுள்ள வெடிப்பு அதனால் தணிகிறது.

தேர்தல் நாளில் மை வைத்த விரலைப் படமெடுத்து, மையை மட்டும் நிறமாக்க முயல்வோரும் உண்டு. 1962 பொதுத்தேர்தலிலிருந்து பயன்பட்டுவரும் அந்த மை மைசூரில் தயாராகிறது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் ஒளிபட்டதும் கருக்கிறது. கருப்பு வெள்ளைப் பிலிமுக்கும் மூலப்பொருள் அதுவே என்பது சுவையான ஒற்றுமை. ஏறத்தாழ கருப்பாகவே உள்ள அந்த மைக்கு நிறம் மீட்டுத் தருவதால் பயனில்லை. விரலை முழுக் கருப்பு வெள்ளையில் காட்டினாலே மை எடுப்பாகத் தெரியும்.

இந்த உத்தி கைப்பேசியோடு பிறந்ததன்று. ஐசன்ஸ்டைன் 1925-இல் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' கருப்பு வெள்ளைப் படம். அதில் ஏற்றப்படும் கொடிக்கு மட்டும் பிலிமில் கையால் சிவப்பு தீட்டப்பட்டது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' 1993-இல் வெளிவந்தது. போலந்தின் கிராக்கோவ் நகரில் யூதர் அடைக்கப்பட்டிருந்த பகுதியை 1943 மார்ச் மாதத்தில் நாஜிகள் காலி செய்த கொடுமையை அது காட்டுகிறது. சாம்பல் நிறக் கூட்டத்தினிடையே ஒரு சிறுமி சிவப்பு மேலங்கியுடன் நடக்கிறாள். பளிச்சிடும் சிவப்பு அன்று, மங்கிய சிவப்பு. நாயகன் ஷிண்ட்லரின் கண் அவளைப் பின்தொடர்கிறது. நம் கண்ணும் தொடர்கிறது. நெடுநேரத்திற்குப் பின், பிணங்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதே சிவப்பு. எண்ணிக்கையாக மட்டும் நாம் அறிந்த சாவுகளுள் ஒன்று, நமக்குத் தெரிந்த குழந்தையின் சாவாகிவிடுகிறது. மூன்று மணி நேரத்திற்கும் மேற்பட்ட அப்படத்தில் இம்முறை வெகு சில இடங்களிலேயே வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிறம் விட்டுவைத்த இடம் 'இங்கே பார்' என்கிறது; அப்படியானால் நிறம் நீக்கிய இடம் 'இதைப் பாராதே' என்கிறது. மனிதரைப் படமெடுக்கையில் இது சிறிய செய்தியன்று. நாற்று நடும் பெண்ணின் சேலையை மட்டும் நிறமாக்கி, அவள் முகத்தையும் கைகளையும் சாம்பலாக்கினால், பார்ப்பவர் துணியைப் பார்ப்பர், உழைப்பவளைப் பாரார்.

உத்தரப் பிரதேசத்தின் பிருந்தாவனத்தில் கணவனை இழந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். வெள்ளைச் சேலையன்றி வேறு நிறம் அவர்களுக்கு வழக்கத்தால் மறுக்கப்பட்டிருந்தது. 2013 முதல் சுலப் இன்டர்நேஷனல் அமைப்பின் முயற்சியால் அவர்களும் ஹோலி கொண்டாடுகின்றனர். வெண்சேலையிலும் நரைத்த தலையிலும் குலால் பொடி படிந்த படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன. அப்படமொன்றில் ஒரு பிடி குலாலை மட்டும் இளஞ்சிவப்பாக விட்டு, அப்பெண்ணைச் சாம்பலாக்குவது கைப்பேசிக்கு ஒரு நொடி வேலை. கண்ணையும் அது கவரும். ஆனால் வழக்கம் அவரிடமிருந்து பறித்ததைப் படத்தில் நாமும் ஒருமுறை பறித்தவராவோம். அங்கே எல்லா நிறமும் இருக்கட்டும்.

தொழில் முறையில் ஒன்று கூற வேண்டியுள்ளது. வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்திற்கோ சான்றாக அளிக்கும் படத்தில் எந்தத் திருத்தமும் கூடாது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றால் நேரும் தனிப்பட்ட வயல் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அதற்காக எடுத்த படத்தில் பயிரின் மஞ்சள்தான் சான்று. அழகுக்காக மாற்றிய நகலும் எடுத்தபடியே உள்ள மூலமும் ஒரே உறையில் கலந்து கிடந்தால் அவசரத்தில் எது எதென்று தெரியாது. வாட்ஸ்அப் வழியே சாதாரணப் படமாக அனுப்பும்போது, எடுத்த நாளும் இடமும் பற்றிய குறிப்புகள் படத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், மூலத்தைக் கைப்பேசியிலேயே தனி உறையில் வைத்திருங்கள்.

அச்சிட எண்ணுவோர்க்கு ஒரு குறிப்பு. வண்ணப்படக் கூடங்களில் சாம்பல் பகுதியும் வண்ணத் தாளிலேயே அச்சாவதால் அதில் சிறிது பச்சையோ ஊதாவோ ஏறிவிடுவதுண்டு. அப்போது விட்டுவைத்த நிறத்தின் தனிமை குலைகிறது. பெரிய அளவில் அச்சிடுமுன் அஞ்சலட்டை அளவில் ஒரு பிரதி எடுத்து, கடையின் விளக்கொளியில் அல்லாது வெளியே கொணர்ந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.