அயப்பாக்கத்தில் ஒரு பெட்கூடக் கிடையாது

சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகிவிட்டது. நோயாளியை உட்காரவைத்து நர்ஸ் எடையும் உயரமும் பார்க்கிறார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுகிறார். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டுகிறார். கடைசியாக, "எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க ஐயா" என்கிறார். அவ்வளவுதான். இதற்கு எக்ஸ்ரேவோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை.

உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்கும் கீழே இருக்கலாம். கால்வீக்கம் இருந்தால் 16 வரைகூட ஆபத்துதான். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டலாம், ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாம், பிடிமானமில்லாமல் நிற்க முடியாமல் போகலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தேவைப்பட்டால் சேர்க்க வேண்டும். 14 என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் வெறும் 38 கிலோ. பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தொளதொள சட்டைக்குள், நெரிசலான ஓ.பி. வரிசையில், தெரியாமல்தான் போகிறது.

இதுதான் தமிழ்நாடு அரசின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. 2022 ஏப்ரலில் சென்னை நீங்கலாக 30 மாவட்டங்களில் தொடங்கியது. காசநோயாளிகளில் இறப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மருந்து சரியான மருந்துதான். அது வேலை செய்யும்வரை உடம்பு தாங்குவதில்லை. அந்த உடம்பை முதல் நாளே அடையாளம் காண ஒரு பக்கத் தாள் போதும் என்ற யோசனைக்குப் பின்னால் நின்றது, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்.

சென்னையின் மேற்கில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. போரூரில் ஒன்று, வேலப்பன்சாவடியில் ஒன்று, தண்டலத்தில் ஒன்று என்று பூந்தமல்லி பக்கம் பஸ்ஸில் போனால் பெயர்ப்பலகைகள் வந்துகொண்டே இருக்கும். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் அயப்பாக்கம் நிறுவனத்துக்கோ வார்டு கிடையாது, கேஷுவாலிட்டி கிடையாது. பெயரில் 'தொற்று' இருந்தாலும் இரத்தக் கொதிப்பையும் அங்கே ஆராய்கிறார்கள். 'எபிடெமியாலஜி'யைத் 'தொற்றுநோயியல்' என்று மொழிபெயர்த்தவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

1999-இல் ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்துத்தான் இதை உருவாக்கினார்கள். அந்த ஆவடிப் பிரிவு சாதாரணமானதல்ல. டாக்டர் எம்.டி.குப்தே தலைமையில் 1990-களில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்த சோதனையில் 1,71,400 பேர் பங்கேற்றார்கள். ஒருவருக்குப் பி.சி.ஜி., இன்னொருவருக்கு வேறு தடுப்பூசி, மற்றொருவருக்கு வெறும் உப்புநீர். பிறகு வீடுவீடாகப் போய் ஒவ்வொருவரின் தோலையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1968-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசிக்கே பரீட்சை வைத்தார்கள். ஐ.சி.எம்.ஆரோடு உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்திய அந்தச் சோதனை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. யாருமே விரும்பாத முடிவு. உலகம் முழுக்க அதிர்ச்சி, விவாதம். ஆனாலும் மறைக்கவில்லை; 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கையும் 1999-இல் வெளியிட்டார்கள். குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடுவது இன்றும் தொடர்கிறது. இந்த மண்ணிலிருந்து வந்த ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்றுப்போன இதுதான்.

அயப்பாக்கத்தில் 2001 முதல் களத் தொற்றுநோயியல் பயிற்சியும் உண்டு. படிக்க வருபவர்களில் பலர் மாநில சுகாதாரத் துறைகளில் வேலை பார்க்கும் டாக்டர்கள். இரண்டு வருடப் படிப்பின் பெரும்பகுதி வகுப்பில் அல்ல, அவரவர் மாவட்டத்தில்தான். ஓர் ஊரில் மஞ்சள்காமாலை பரவினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது. தெருத்தெருவாகப் பட்டியல் எடுக்க வேண்டும், எந்தக் குழாய்த் தண்ணீர் என்று கேட்க வேண்டும், நோய் வராத பக்கத்து வீட்டிலும் அதையே கேட்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை மட்டுமே பார்த்துப் பழகிய டாக்டருக்கு இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். நோயில்லாதவரிடம் என்ன கேட்பது?

இப்படிக் கதவு தட்டிப் பழகியவர்கள் இருந்ததால்தான், 2020 மே–ஜூனில் நாடு பூட்டிக் கிடந்த நேரத்தில், 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்து, கொரோனா 0.73 சதவீதப் பெரியவர்களைத் தொட்டிருக்கிறது என்று இந்த நிறுவனத்தால் சொல்ல முடிந்தது.

திரும்பவும் அந்த நர்ஸிடம் வருவோம். மூச்சை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. "மூச்சை எண்ணப்போறேன்" என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். இழுத்து விடுவார், அல்லது அடக்கிக்கொள்வார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் நெஞ்சிலுமாக, பேசாமல் அறுபது விநாடி எண்ண வேண்டும்.